கேஸும் கரண்டும் யார் பெயரில்

பெல்லூனோ, டிசம்பர் 3

லோரிஸ்,

சாவியை நோட்டரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன், ஆகவே கிடைக்கவில்லை என்று நாடகம் ஆட வேண்டாம். போனில் எதுவும் பேசக் கூடாது, எல்லாம் பதிவுத் தபாலில்தான் என்று உன் வக்கீல் எழுதியிருந்தார். சரி, இனி தபாலிலேயே சண்டை போடுவோம்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களெல்லாம் ஃபெல்த்ரே வீட்டில் அவளோடு இருந்தவள் நான். புரட்டிப் படுக்க வைத்ததும் குளிப்பாட்டியதும் நான். நீ மெஸ்த்ரேயிலிருந்து ஈஸ்டருக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வருவாய். பொலெந்தாக் களியை ஒரு பிடி பிடித்துவிட்டு, "அம்மா நல்லா இருக்காங்களே, சும்மா பயப்படுறே" என்று சொல்லிவிட்டுப் போவாய். அவள் வீட்டை உனக்கு எழுதி வைத்தாள். அது அவள் புத்தி. ஆனால் கல்லறையில் பூ வாடுவதற்குள், "வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளி நவம்பர் முடிவுக்குள் காலி செய்ய வேண்டும்" என்று வக்கீலை விட்டு எழுதச் சொன்னாயே, அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

விருந்தாளி தன் பொருட்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் அதில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் கட்டில், என் தையல் மெஷின், என் கரண்ட், என் கேஸ். இணைப்புகள் இரண்டும் என் பெயரில் இருந்தன. உன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது ஒரு கையெழுத்து வேலை. நான் அதைச் செய்யவில்லை, இரண்டையும் ரத்து செய்துவிட்டேன். கரண்டை எங்கோ உட்கார்ந்தபடியே நிறுத்திவிட்டார்கள். கேஸ் மீட்டருக்கு ஆள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனான்.

இன்னொன்று. மகன் பெயருக்கு எழுதி வைத்தாலும் மகளுக்குச் சட்டப்படி உள்ள பங்கு போய்விடாது. கோர்ட்டில் கேட்பேன். எனக்குப் பணம் வேண்டாம், வீடுதான் வேண்டும்.

நீவெஸ்

ஃபெல்த்ரே, டிசம்பர் 6

நீவெஸ்,

உனக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா? சாமான் வண்டி வந்து நின்றபோது சாயங்காலம். சுவிட்சைப் போட்டால் எரியவில்லை. ஃபியூஸ் என்று நினைத்து முற்றத்துக்கு இறங்கிப் போய் மீட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அர்மிதா ஜன்னலைத் திறந்து, "அதைத் தட்டி என்னப்பா பிரயோஜனம், உங்க அக்கா எல்லாத்தையும் நிறுத்திட்டுல்ல போனா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சாமான் இறக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

வெளியே பனி கொட்டுகிறது. என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கத்யூஷா கோட்டைப் போட்டுக்கொண்டே படுக்கிறாள், கோட்டோடே எழுந்து முடிதிருத்தும் கடைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே இருக்கிற சூட்டில் உடம்பைக் காய வைத்துக்கொண்டு வருகிறாள். நேற்று சொல்லிவிட்டாள்: "இதப் பாரு லோரிஸ், எங்க அப்பா அம்மா கிறிஸ்துமஸுக்கு இங்க வர்றாங்க. அதுக்குள்ள வீடு சூடாகலேன்னா நான் கொனெல்யானோவுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வருவேன்னு நினைக்காதே." அவள் சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும்.

நான் டைல்ஸ் விற்கிறவன். கரண்டு கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்கு என்ன தெரியும்? மெஸ்த்ரேயில் எல்லாம் வீட்டுக்காரரே பார்த்துக்கொண்டார். மீட்டர் எண்களையாவது அனுப்பு. அதைக் கூடவா மூட்டை கட்டிக்கொண்டு போனாய்?

கோர்ட்டுக்குப் போகிறாயா, தாராளமாகப் போ. இந்த நாட்டுக் கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்குள் உனக்குப் பல் எல்லாம் கொட்டியிருக்கும். வீடு என்னுடையது.

லோரிஸ்

பெல்லூனோ, டிசம்பர் 9

லோரிஸ்,

மீட்டர் எண்கள் இரண்டையும் இதோடு தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எனக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. நான் இங்கே ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு அறையும் சமையலறையும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்கு மாற்றலும் கிடைத்துவிட்டது. கீழே அடுப்பு எரிவதால் தரையே சூடாக இருக்கிறது. வெறுங்காலோடு நடக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது எத்தனை சாக்ஸ் போட்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எத்தனை கம்பெனி வந்து கதவைத் தட்டினாலும் கம்பி ஒன்றுதான், குழாய் ஒன்றுதான். பில் அனுப்புகிறவன் மட்டும்தான் வேறு. ஆகவே விலையைப் பார்த்து மயங்காதே. சீல் வைத்த மீட்டரைத் திறக்க ஆள் வர வேண்டும், அந்த ஆளை யார் சீக்கிரம் வரவழைக்கிறார்களோ அவர்களிடம் போ. பாலத்துக்குப் பக்கத்தில் கரண்டும் கேஸும் விற்கும் கூட்டுறவுக் கடைக்குப் போ. கொஞ்சம் கூடுதலாகத்தான் வாங்குவார்கள். ஆனால் மேஜைக்குப் பின்னால் ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பாள், உன் முகத்தைப் பார்த்துப் பேசுவாள், ஆள் வரும் தேதியைத் தானே கேட்டு வாங்கித் தருவாள். அம்மா வீட்டுக்கு நான் அங்கேதான் வாங்கினேன்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் மேஜை போட்டுக்கொண்டு பரிசுப் பொருளோடு நிற்கிறவர்களிடம் மட்டும் போகாதே. கையெழுத்துப் போட்ட பிறகு அவர்களில் ஒருவனும் கண்ணில் படமாட்டான். இதை உன் நன்மைக்காகச் சொல்லவில்லை. கேட்டாய், சொல்கிறேன்.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். பண்டிகை முடிந்து வழக்குப் போடலாம் என்கிறார்.

நீவெஸ்

ஃபெல்த்ரே, டிசம்பர் 13

நீவெஸ்,

உன் உபதேசத்துக்கு நன்றி. கூட்டுறவுக் கடையில் உனக்கு என்ன கமிஷன் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ ஒன்றைச் செய் என்றால் அதில் எனக்கு ஏதோ குழி வெட்டியிருக்கிறாய் என்றுதானே அர்த்தம்? விருந்தாளியின் பேச்சைக் கேட்டு வீடு நடத்துகிறவன் இல்லை நான்.

சூப்பர் மார்க்கெட் வாசலுக்கே போனேன். தெனிஸ் என்று ஒரு பையன், நல்ல கோட், நல்ல பல். "அண்ணே, உங்களைப் பார்த்தாலே தெரியுது, நீங்க கணக்குப் போட்டு வாழ்ற ஆளு" என்றான். கரண்டும் கேஸும் ஒரே பில்லில், முதல் வருஷம் விலை ஏறாது. ஒரு மிக்ஸி வேறு கொடுத்தான். கால் மணி நேரத்தில் முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னே இரண்டும் வந்துவிடும் என்று கை அடித்துச் சொன்னான்.

கடைசியில் போன் நம்பர் கேட்டான். இந்த ஆட்களிடம் நம்பர் கொடுத்தால் அப்புறம் நாள் முழுவதும் யார் யாரோ கூப்பிட்டுக் கழுத்தை அறுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? உன் நம்பரைக் கொடுத்தேன். இந்நேரம் மணி அடிக்க ஆரம்பித்திருக்கும். வெறுங்காலோடு நடந்துபோய் எடு.

லோரிஸ்

பெல்லூனோ, டிசம்பர் 16

லோரிஸ்,

அடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் பக்கெட்டும் கையுமாக நிற்கும்போது அடிக்கிறது, கழிவறையில் அடிக்கிறது. "மேடம், உங்க வீட்டு பில்லை நீங்கதானே பாக்குறீங்க?" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒருத்தி ஆயுள் காப்பீடு வரைக்கும் போய்விட்டாள். நீ நினைத்தபடியே நடக்கிறது, சந்தோஷப்பட்டுக்கொள்.

நம்பரை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிக்ஸி கிடைத்ததற்கு வாழ்த்துகள்.

நீவெஸ்

ஃபெல்த்ரே, டிசம்பர் 27

நீவெஸ்,

தபால் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே சூடாக இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் பெண் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டாள்.

கரண்டு வந்தது. கேஸ் வரவில்லை. மின் ஹீட்டர் இரண்டு வாங்கி வைத்தேன். இரண்டையும் போட்டு மின் அடுப்பையும் போட்டால், இணைப்புக்கு உள்ள மூன்று கிலோவாட்டுக்கு மேல் போகிறது என்று மொத்தமும் அணைந்துவிடும். முற்றத்துக்கு இறங்கிப் பனியில் நின்று லீவரைத் தூக்கிவிட்டு வர வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். கோழி அடுப்புக்குள்ளே பாதி வெந்திருந்தது. மாமியார், "கைய கழுவிட்டு வர்றேன்" என்று குளியலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்திருக்கிறாள். ஐஸ் தண்ணீர் கையில் பட்டதும் அவள் போட்ட சத்தம் கீழே மாதா கோவில் வரை கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்டு வேறு போய்விட்டது. நான் லீவரைத் தூக்கிவிட்டு மேலே வந்தபோது மூன்று பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கத்யூஷா கையில் பெட்டி. "நான் சொன்னேன்ல" என்றாள், அவ்வளவுதான். அவர்களோடு காரில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். பாட்டுப் போட்டார்கள், எண்ணை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெண் சொல்கிறாள்: "சார், மீட்டர் திறக்க ஆள் அனுப்புறதுக்காக பத்தொன்பதாம் தேதி உங்க நம்பருக்குக் கூப்பிட்டோம். எடுத்தவங்க, அந்த வீட்டுல நான் இல்லேன்னு சொல்லிட்டாங்க. அதனால தேதியை ரத்து பண்ணிட்டோம்." எந்த நம்பர் என்று கேட்டேன். உன் நம்பரைச் சொன்னாள்.

நம்பரை மாற்று என்றேன். மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஒரு குறியீடு வரும், அதைச் சொல்ல வேண்டுமாம். அனுப்பினாள். உனக்கு வந்திருக்கும். அதைச் சொல்.

எனக்கு இப்போது எல்லாம் புரிகிறது. கூட்டுறவுக் கடைக்குப் போ என்று சொன்னால் நான் போக மாட்டேன் என்று தெரிந்தே சொன்னாய். நீ உண்மையைச் சொல்லியே என்னை ஏமாற்றிவிட்டாய். இப்படி ஒரு அக்கா யாருக்கும் வாய்க்க வேண்டாம்.

லோரிஸ்

பெல்லூனோ, டிசம்பர் 30

லோரிஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமியார் குழாயைத் திறந்த இடத்தை மட்டும் ஐந்து தடவை.

ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். நடை பழகின காலத்திலிருந்து உன்னை எனக்குத் தெரியும். நான் இந்தப் பக்கம் என்றால் நீ அந்தப் பக்கம். ஆற்றில் இறங்காதே என்றேன், இறங்கிக் காலை உடைத்துக்கொண்டாய். உனக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

பத்தொன்பதாம் தேதி கூப்பிட்டது உண்மை. வாளியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். "மேடம், ஃபெல்த்ரே வீட்டுல இருக்கீங்களா? நாளைக்குக் காலையில மீட்டர் திறக்க ஆள் வரலாமா?" என்று கேட்டான். அந்த வீட்டில் நான் இல்லை என்றேன். நான் எங்கே இருக்கிறேன்? நீயும் உன் வக்கீலும் சேர்ந்துதானே என்னை இல்லாமல் ஆக்கினீர்கள்? அதில் ஒரு எழுத்து பொய் உண்டா சொல்.

குறியீடு வந்தது, ஆறு எண்கள். பத்து நிமிஷம்தான் உயிரோடு இருக்குமாம். பதிவுத் தபால் இரண்டு நாள் எடுக்கும். போனை எடுத்து என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அந்த நம்பரைச் சொல்லு" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. போன் வேண்டாம் என்றது நான் இல்லையே.

அர்மிதா சொல்கிறாள், நீ காப்பிக் கடையில் காலையிலிருந்து மூடும் வரை உட்கார்ந்திருக்கிறாயாம். உட்கார். அம்மாவுக்கு மூச்சுத் திணறின அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் நாற்காலியிலேயே தூங்கினேன். அப்போது நீ கேனரி தீவில் வெயில் காய்ந்த படம் அனுப்பினாய். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கோபம் குறைகிற மாதிரி தெரிந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

நீவெஸ்

ஃபெல்த்ரே, ஜனவரி 4

நீவெஸ்,

நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்கிறாய். இதைப் படி.

கத்யூஷா போனில் பேசினாள். "அந்த வீடு எனக்கு வேண்டாம். உங்க அக்கா ஆவி உள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. வித்துட்டு வா, இங்க பக்கத்துல ஒரு பிளாட் பாத்துக்கலாம்" என்றாள். தரகரைக் கூப்பிட்டேன். அவர் மறுநாளே மியூனிக்கிலிருந்து ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கோடைக்கு வந்து தங்க மலையடிவாரத்தில் வீடு தேடுகிறார்களாம். குளிரைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை, எல்லாவற்றையும் இடித்துக் கட்டப் போகிறார்கள். உள்சுவர்கள் போகும், அம்மா படுத்திருந்த அறையும் சமையலறையும் ஒரே கூடமாகும். அந்தப் பெண் கையில் டேப்பை வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் உன்னை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

பதினைந்தாம் தேதி நோட்டரி முன்னால் கையெழுத்து. அப்புறம் நீ கோர்ட்டில் என்ன கேட்பாய்? வீடு கைமாறிவிடும். வேண்டுமானால் என்னிடமிருந்து பணத்தில் ஒரு துண்டு பிடுங்கிக்கொள். வீட்டு வாசலை நீ மிதிக்க முடியாது. மிதித்தால் ஜெர்மன் நாய் குரைக்கும்.

நீ என் கேஸை நிறுத்தினாய். நான் வீட்டையே நிறுத்திவிட்டேன்.

லோரிஸ்

பெல்லூனோ, ஜனவரி 7

லோரிஸ்,

இன்று கேஸ் கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். உன் வீட்டுக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டார்கள். இந்தத் தடவை அனுப்புங்கள் என்றேன். "நீங்க வீட்டுல இருப்பீங்களா மேடம்?" என்று கேட்டான். "என் தம்பி இருப்பான், எங்கேயும் போக மாட்டான்" என்றேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவான். காப்பிக் கடைக்குப் போய்விடாதே.

ஒன்று மட்டும் செய். சமையலறைச் சுவரில் கீழே வலை போட்ட ஓட்டை இருக்கிறதே, அதில் கத்யூஷா துணியை அடைத்திருக்கிறாள் என்று அர்மிதா சொன்னாள். குளிர்க்காற்று வருகிறது என்று ஊரே அதை அடைக்கிறது, அம்மாவும் அடைத்தாள். ஆனால் கேஸ்காரன் வருகிற காலையில் எடுத்துவிடுவாள். காற்று போகிற வழி அடைபட்டிருந்தால் அவன் மீட்டரைத் திறக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் பிளம்பர் வந்து சான்று கொடுக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

நான் சொன்னால் நீ நேர்மாறாகச் செய்வாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை நான் சொன்னபடி செய். துணியை எடு.

பாய்லர் பற்றிக்கொண்டதும் கத்யூஷாவுக்குப் போன் பண்ணு. ரேடியேட்டர் மேலே போனை வைத்து அந்தத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்கச் சொல். அவள் வருவாள்.

நீவெஸ்

ஃபெல்த்ரே, ஜனவரி 17

நீவெஸ்,

துணியை எடுத்துவிட்டேன். துணியில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன், இதிலும் என்ன குழி என்று. கடைசியில் குளிர் தாங்காமல் எடுத்தேன். எட்டு மணிக்கு ஆள் வந்தான். ஓட்டைக்கு முன்னால் குனிந்து கையை வைத்துப் பார்த்தான், "நல்லது" என்றான், மீட்டரின் சீலை வெட்டித் திறந்தான். மதியத்துக்குள் வீடு சூடாகிவிட்டது.

கத்யூஷா அன்று சாயங்காலமே வந்தாள். குளியலறையில் ஒரு மணி நேரம் வெந்நீரில் கிடந்தாள். வெளியே வந்து, "என்ன அவசரம், இப்ப எதுக்கு விக்கணும்? வீடு நல்லாத்தானே இருக்கு" என்றாள். தரகருக்குச் சொல்லிவிட்டோம். அவர் திட்டினார். அந்த ஜெர்மன் தம்பதி வேறு ஊரில் பார்க்கிறார்களாம்.

நீவெஸ், நான் முட்டாள் இல்லை. நீ இரக்கப்பட்டுச் செய்கிறவளும் இல்லை. ஆனாலும் நேற்று ராத்திரி கத்யூஷா தூங்கின பிறகு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, அம்மா இறந்துபோன வருஷம் நான் ஒரு நாளாவது வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. அதைச் சொல்ல நினைத்தேன். ஏன் இதைச் செய்தாய் என்றும் கேட்க நினைத்தேன். பதிலுக்குப் பதிவுத் தபால் வேண்டாம், போன் பண்ணு. என் போனில் தடுத்து வைத்திருந்த உன் நம்பரை மறுபடி திறந்துவிட்டேன்.

லோரிஸ்

பெல்லூனோ, ஜனவரி 20

லோரிஸ்,

போன் பண்ண மாட்டேன். இது தபாலில்தான் வர வேண்டும், கோர்ட்டு அப்படித்தான் கேட்கும்.

பதினைந்தாம் தேதி நீ கையெழுத்துப் போட்டிருந்தால் எனக்கு வீடு போயிருக்கும். பண்டிகை விடுமுறையில் வக்கீல் அலுவலகம் மூடிக்கிடந்தது, பதினெட்டுக்கு முன்னால் வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். நீ குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தால் விற்றுவிடுவாய். அதனால் உன்னைச் சூடாக வைத்தேன். வேறு காரணம் இல்லை. இந்த வீட்டை ஒரு ஜெர்மன்காரனிடமிருந்து என்னால் பிடுங்க முடியாது. உன்னிடமிருந்து பிடுங்குவேன்.

வழக்குப் போட்டாகிவிட்டது, வீட்டின் பத்திரப் பதிவிலும் ஏறிவிட்டது. இனி நீ விற்க நினைத்தாலும் ஒருவனும் வாங்க மாட்டான். சம்மன் இதோடு இருக்கிறது. என் பங்கைப் பணமாகக் கொடுக்க முன்வந்தால் மறுக்கும்படி வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் ஒரு பகுதியைப் பிரித்துக் கேட்கிறேன். கத்யூஷா இருக்கலாம், நீ இருக்கலாம், நானும் இருப்பேன். காலையில் எழுந்தவுடன் என் முகத்தில்தான் விழிப்பாய்.

அடுப்படியில் உட்கார்ந்து நினைத்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படித்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். ஆனால் அது வழக்கை மாற்றாது.

தெருப்பக்கம் உள்ள சின்ன அறையில் ரேடியேட்டர் கீழே மட்டும்தான் சூடாகும். பக்கத்தில் இருக்கும் திருகைத் திறந்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட வேண்டும், தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் மூடிவிடு. இப்போதே செய்து வை. நான் அந்த அறையில்தான் படுப்பேன்.

நீவெஸ்